ஹைருன் பீவியின் இரண்டு விசாக்கள்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் பழக்கடை வைத்திருக்கும் ஹைருன் பீவி அக்காவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. மங்குஸ்தானை அமுக்கிப் பார்த்தால் போதும், "பழம் வாங்க வந்தியளா, நாடி பிடிக்க வந்தியளா?" என்பாள்.

போன கார்த்திகையில் ஒரு நாள், தென்காசியில் இருக்கும் என் டிராவல்ஸ் ஆபீசுக்குள் மூச்சு வாங்க நுழைந்தாள். ஷார்ஜாவில் இருக்கும் மகள் ஃபாயிஸா முழுகாமல் இருக்கிறாளாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வேலையில் லீவு கிடைக்காது. கூட இருந்து பார்க்க மாமியாரும் இல்லை. அக்காதான் அங்கே போயாக வேண்டும்.

"கௌரிசங்கர் தம்பி, டூரிஸ்ட் விசாவுக்கு எத்தன நாளு ஆவும்?"

"மூணு நாலு நாளு போதும்க்கா. அவளுக்கு ஒம்பதாம் மாசம் ஆகையில வாங்க, போட்டுக்கிடலாம்."

"எங்கிட்டயே கதை விடுதியா? ஃபாயிஸா வாப்பாவுக்கு சவுதி விசா வர்றதுக்குள்ள, தைச்சு வச்ச பேண்ட்டு இடுப்புல ஏறாமப் போச்சு!"

அது வேலை விசா, இது வேறு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். கேட்டால்தானே! எங்கள் பக்கத்தில் விசா என்றாலே வாசலைப் பார்த்துக் காத்துக் கிடப்பது என்று இரண்டு தலைமுறையாய்ப் பழகிவிட்டது. நேராக வேறொரு கடைக்குப் போய் அன்றைக்கே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

அந்த வாரமே விசா வந்து நின்றது. தெருவுக்கே லட்டு கொடுத்துவிட்டு என்னிடம் காட்ட வந்தாள். வாசித்துப் பார்த்து, தேதியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"அக்கா, ரெண்டு மாசத்துக்குள்ள அங்கன போயாகணும், இல்லன்னா இது செல்லாது. போனாலும் ஒரு மாசம்தான் இருக்க விடுவான். பிள்ள பொறக்க ஆனி ஆயிரும்லா?"

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "வராட்டி அழலாம். வந்ததுக்கும் அழ வச்சிட்டானே பாவி!" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குத் திட்டவும் மனசு வரவில்லை.

அந்த விசா வீணாய்ப் போனது. அங்கே தங்கும் ஒரு மாதத்துக்குள் பிரசவம் விழ வேண்டுமே என்று பார்த்து, வைகாசியில் நானே மறுபடியும் விண்ணப்பம் போட்டேன். இந்தா வந்துவிடும் என்று மார்தட்டினேன். வந்தது பக்ரீத். அங்கே ஆபீசெல்லாம் பூட்டிவிட்டார்கள். பெருநாளுக்குப் புதுச்சேலை எடுத்த அக்காவுக்கும் அது உறைக்கவில்லை, அவள் கொடுத்த பிரியாணியைத் தின்ற எனக்கும் உறைக்கவில்லை.

லீவின் கடைசி நாளில், பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ஃபாயிஸாவுக்கு வலி கண்டுவிட்டது. பழம் நிறுத்துக்கொண்டிருந்த அக்கா தராசை அப்படியே விட்டுவிட்டு, வீடியோ கால் வந்த போனைப் பிடித்தாள். "உம்மா, நீ வரலியே!" என்று அந்தப் பக்கம் மகள் கதறினாள். "இந்தா இருக்கேன்லா, என்னயப் பாரு, மூச்ச விடு, ஓதிக்கிடு" என்று இந்தப் பக்கம் அக்கா சாரலில் நனைந்தபடி கத்தினாள். அருவியில் குளித்து ஈரத்துண்டோடு வந்த கூட்டம் பழம் கேட்க வாயெடுக்காமல் நின்றது. மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டு போகும்வரை அக்கா போனை வைக்கவே இல்லை. சாயங்காலம் பேரன் பிறந்தான்.

மறுநாள் காலையில் அங்கே ஆபீஸ் திறந்ததும் விசா வந்தது. சண்டாள விசா! பிரிண்ட் எடுத்துக்கொண்டு பைக்கில் குற்றாலம் போனேன். என் மூஞ்சியிலேயே எறிவாள் என்றுதான் நினைத்தேன்.

"பிந்திப்போச்சுக்கா" என்று நீட்டினேன்.

"என்னத்தப் பிந்திப்போச்சு?" அக்கா கடையின் தார்ப்பாயை இழுத்து மூட ஆரம்பித்திருந்தாள். "பெறும்போது சுத்தி நர்சுமாரு நின்னாவ. பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தப் பொறவுதான் தம்பி அவளுக்கு உம்மா வேணும். இன்னைக்கு பிளேன் இருக்கா, அதச் சொல்லு."