மொட்டைமாடிக்குத் தனியாகப் போகாதவர்

கராடியில் அலுவலகத்துக்குள் நுழையும்போது கீழ்வீட்டு சுனந்தாவின் அழைப்பு வந்தது. "ஜமீலா தாயி கேல்யா" என்று மராத்தியில் அழுதார். ஜமீலா அக்கா போய்விட்டார். துக்கத்துக்கு முன்னால் வந்தது பயம்தான். மழைக்காற்று தொடங்கப்போகிறது, இனி மாடியை யார் பார்ப்பார்கள்?

நாங்கள் குடியிருக்கும் போபோடியில் அக்காவின் ஜவுளிக்கடையை அறியாதவர் இல்லை. எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நிற்கும் சோலார் தகடுகள் எல்லா வீட்டுக்கும் பொதுச்சொத்தாக இருப்பது அவருடைய பிடிவாதத்தால். அப்பளம் காயவைக்க இடம் போய்விடும் என்று சண்டைக்கு வந்தவர்களையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் அதிலிருந்துதான் மின்சாரம்.

தகடுகள் வந்தபின் முதல் தசராவில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். யந்திரத்துக்குப் பூஜை செய்வது இந்த ஊர் வழக்கமாயிற்றே! ஒவ்வொரு தகட்டுக்கும் செண்டுமல்லி மாலை சாற்றி, மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டோம். நிழல் விழுந்து மின்சாரம் படுத்துவிட்டது. எல்லாம் கெட்டுப்போனதென்று அலறினோம். அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா கும்பிடுங்க. ஆனா வெயில் படுற மூஞ்சில மாலையப் போட்டா அது எங்கேருந்து கரண்ட்டு குடுக்கும்? கீழ தாங்குற கம்பிக்கால்ல கட்டுங்க." அதன்பிறகு மாலை கம்பிக்காலுக்குத்தான்.

மேகம் கறுத்தால் ஸ்பானரோடு கிளம்பிவிடுவார், போல்ட்டுகளை முறுக்க. ஆனால் கதவு கதவாகத் தட்டி ஆள் சேர்த்துக்கொண்டுதான் படியேறுவார். ஏன் என்று கேட்டேன். "நான் மட்டும் போனா அது என் தகடாயிரும் தம்பி. அப்புறம் உங்களுக்குப் பயம் விட்டுப்போயிரும். காத்தடிச்சா எனக்கு நெஞ்சு திக்குதிக்குங்குது. எல்லாருக்கும் அப்படி இருக்கணும்."

வருகிற ஞாயிறன்று குடியிருப்புக் கூட்டம். மாடியை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம், நமக்கெதற்கு வம்பு என்கிறார்கள் சிலர். அவர்களைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. ஒரு தகடு பறந்துபோய்த் தெருவில் நடப்பவர் மேல் விழுந்தால்? கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. ஆனால் கொடுத்துவிட்டால், சொந்த மாடிக்கு ஏறவே யாரிடமோ அனுமதி கேட்க வேண்டிவரும். அதுவும் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று மாலை வானம் இருண்டது. அக்காவின் மகள் அந்த ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். படியில் கால் வைத்தவன் திரும்பி வந்து கதவுகளைத் தட்டினேன். சுனந்தா உடனே வந்தார். எதிர்வீட்டுக் கதவு திறக்கவேயில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அவருடைய பயம்தான். ஞாயிறு கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன். அவரை அறிந்தவர்களே, நீங்களும் தயவுசெய்து பயத்தோடு வாருங்கள்.