அவள் ஆங்கிலத்தில் சொன்னது

ஆங்கிலத்தில் நீளமான சொற்களைக் கண்டு நான் பயந்ததே இல்லை. அகராதியைப் புரட்டினால் அவை அடங்கிவிடும். வாலில் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிக்கொண்டு வருகிற வினைகள்தான் என்னைப் படுத்தி எடுக்கும். 'புட்' என்றால் வை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் நெருப்பை அணை, 'புட் அப் வித்' என்றால் சகித்துக்கொள். இதில் வைப்பது எங்கே வந்தது? தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியனாகத் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். 'ஏன் சேர் அப்படி?' என்று பிள்ளைகள் கேட்டால் 'அது அப்படித்தான், பாடமாக்கு' என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருந்ததில்லை.

என் மனைவிக்கு அந்தப் பதில் போதவில்லை.

அவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற இடம் அது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தாதியாக வேண்டும் என்ற ஆசை மட்டும் நிற்கவில்லை. ஹட்டனில் முதியோர் பராமரிப்புக்கு வார இறுதிப் பயிற்சி வகுப்பு தொடங்கியபோது என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். மழையிலும் பனியிலும் பஸ் பிடித்துப் போய் முடித்துவிட்டாள். கட்டிலில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதிலும் குளிப்பாட்டுவதிலும் வகுப்பிலேயே அவளுடைய கைதான் நல்ல கை என்று சொன்னார்களாம். சொன்னதை அவளே வந்து சொன்னாள். அடக்கம் அவளுடைய குணம் அல்ல, அதுவும் எனக்குப் பிடிக்கும்.

பிறகுதான் சிக்கல். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லம் ஆள் எடுத்தது. வீடியோவில் நேர்முகப் பரீட்சை. அங்கிருந்து பேசிய பெண்மணி 'உன்னுடைய ஒரு நாள் எப்படிப் போகும், சொல்லு' என்பதற்கு 'வாக் மீ த்ரூ யுவர் டே' என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது, சேர்ந்து வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. 'யெஸ் மேடம்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். அடுத்தடுத்த கேள்விகளுக்கும் 'யெஸ் மேடம்' தான். அந்த வாய்ப்பைக் கோட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மூன்று நாளைக்குச் சேர்த்து விறகு வெட்டினாள்.

பயிற்சியில் அவள் வாங்கிய பெயரைப் பார்த்து இன்னொரு தடவை பேசச் சம்மதித்தார்கள். அதிலும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். "எனக்கு இந்த வேலை வேணும்," என்றாள் என்னிடம். "வீட்டுச் செலவுக்குன்னு நெனைக்காதீங்க. எனக்கு வேணும்."

நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அதை அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்திக்கொண்டாள். அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. ஒரு சொற்றொடர் கிடைத்தால், தோட்டத்தில் அதற்குப் பொருத்தமான ஆள் ஒருவரைத் தேடிப் பிடிப்பாள். ஆள் கிடைத்தால்தான் சொல் வாய்க்குள் போகும். தீர்ந்துபோவதற்கான 'ரன் அவுட் ஆஃப்' எங்கள் காஸ் சிலிண்டருக்குப் போனது. 'ப்ரேக் டவுன்' ஹட்டன் பஸ்ஸிடம் ஏற்கெனவே இருந்தது. 'புட் அப் வித்' பக்கத்து வீட்டுச் சேவலுக்கு என்று முடிவாகியிருந்தது, பிறகு எனக்கு மாற்றப்பட்டது. 'டேக் ஆஃப்டர்' என்றால் ஒருவரை உரித்துவைத்திருப்பது என்றேன். "அப்ப பாப்பா டேக்ஸ் ஆஃப்டர் யூ. காலையில எழுப்பினா எந்திரிக்கிறாளா?" என்றாள். எங்கள் மகள் போர்வைக்குள் இருந்தபடியே அதை மறுத்தாள்.

சில சொற்றொடர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். செத்துப்போவதற்கு 'கிக் த பக்கட்' என்று ஒன்று உண்டு, வாளியை உதைப்பது என்று சொன்னேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது. "பெரியவங்க தவறினதுக்கு வாளிய ஒதைக்கிறதா? நான் அதச் சொல்ல மாட்டேன்." 'பாஸ் அவே' சொன்னதும் சமாதானமானாள். அது நம் 'தவறிட்டாங்க' மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற சொல்லாம்.

ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள். "லுக்ன்னா பாரு. லுக் ஆஃப்டர்னா பாத்துக்க. அப்படித்தானே?"

"ஆமா."

"நம்மளும் அதத்தானே செய்றோம். பாருன்னா ஒண்ணு. பாத்துக்கன்னா வேற. பாத்து வைன்னா வேற. பாத்துத் தொலைன்னா அது வேற. இதுக்கா நீங்க வெள்ளக்காரன இவ்வளவு காலமா திட்டிக்கிட்டு இருக்கீங்க?"

இத்தனை வருடம் பாடம் எடுக்கிறேன், எனக்கு இது உறைத்ததே இல்லை. அடுத்த வாரமே வகுப்பில் அதை என் சரக்காக எடுத்துவிட்டேன். பிள்ளைகள் ரசித்தார்கள். வீட்டில் வந்து சொன்னபோது அவளும் ரசித்தாள், தனக்கு ஃபீஸ் எங்கே என்று கேட்டாள்.

இரண்டாவது நேர்முகப் பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. என் வகுப்பறையின் கொத்மலைப் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் மட்டும் கிடைக்கும், அதுவும் ஓர் ஆள் நெஞ்சு உயரத்தில். மேசையில் வைத்தால் போய்விடும். ஆகவே அவள் என் நாற்காலியில் உட்காருவது, நான் எதிரே நின்று ஃபோனைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கணவர்தான் ஃபோனைப் பிடித்திருக்கிறார் என்று அவள் அந்தப் பெண்மணியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் எனக்கும் ஒரு வணக்கம் சொன்னார். என் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஃபோனுக்கு மேலே என் மனைவியின் முகம் மட்டும்.

தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது, நல்லவேளையாகக் கொஞ்சத்தில் ஓய்ந்தது. இந்தத் தடவை அவள் 'யெஸ் மேடம்' என்று ஒளிந்துகொள்ளவில்லை. நோயாளி மயங்கி விழுந்தால் என்ன செய்வாய் என்பதற்கு 'பாஸ் அவுட்' என்று வந்தது, வாந்தி எடுத்தால் என்பதற்கு 'த்ரோ அப்' என்று வந்தது. இரண்டையும் தட்டாமல் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. 'அட் தி எண்ட் ஆஃப் யுவர் டெதர்' என்று நீ நின்ற ஒரு சமயத்தைச் சொல்லு என்றார். கயிற்றின் கடைசியில் நிற்பது, இனி முடியாது என்கிற நிலை. எங்கள் வீட்டுக்குக் கீழே கட்டியிருக்கும் ஆட்டை வைத்து அதை அவள் படித்திருந்தாள். இப்படி ஒன்று கேட்டால் சொல்வதற்கான பதிலை நான்தான் தயார் செய்து கொடுத்திருந்தேன். 'எனக்குக் கோபமே வராது, நான் எப்போதும் பொறுமைசாலி' என்பது அந்தப் பதில்.

அதை நான் யோசித்து எழுதியது என்று சொல்ல முடியாது. எங்கள் ரத்தத்திலேயே இருக்கிற பதில் அது. காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது 'முடியுமா?' என்று வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கேட்டால், காய்ச்சலோடு நிற்பவளும் 'முடியுங்க ஐயா' என்றுதான் சொல்வாள். முடியாது என்றவளுக்கு அன்று வேலை இல்லை. வேலை கொடுக்கிறவர் முன்னால் முடியாமையைக் காட்டாதே என்பது எங்கள் அம்மாக்கள் கொழுந்துக் கூடையோடு சுமந்த பாடம்.

என் மனைவி அந்தப் பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு வேறொன்றைச் சொன்னாள்.

கணவரின் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, சில வருடம் படுக்கையில் இருந்தார், நான் பார்த்துக்கொண்டேன் என்று தொடங்கினாள். எனக்குத் தெரிந்த கதைதான். ஒரு காலை கஞ்சித் தட்டைத் தட்டிவிட்டார், சுத்தம் செய்தேன். மறுபடி கொடுத்தேன், துப்பினார். என் தாயையும் சேர்த்து ஏசினார். ஒவ்வொரு நாளும் ஏசுவார், அன்றைக்கு என்னால் முடியவில்லை. இதுவும் ஓரளவு நான் ஊகித்திருக்கக்கூடியது.

"ஐ வாக்ட் அவுட்," என்றாள். வீட்டைவிட்டு வெளியேறினேன்.

"ஐ காட் ஆன் த பஸ்."

ஃபோனைச் சாய்த்துவிட்டேன். படமும் சாய்ந்திருக்க வேண்டும். நேராகப் பிடியுங்கள் என்று கண்ணாலேயே அதட்டிவிட்டு அவள் தொடர்ந்தாள். ஹட்டன் பஸ். அங்கிருந்து தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை என்று தீர்மானம். பஸ் இரண்டு வளைவு தாண்டியது. "தென் ஐ காட் ஆஃப். ஐ வென்ட் பேக்."

வெளியேறினேன், ஏறினேன், இறங்கினேன், திரும்பிப் போனேன். நான் ஊட்டிய அலங்காரச் சொற்றொடர் ஒன்றுகூட அதில் இல்லை. இருப்பதிலேயே சின்ன வினைகள், அவற்றின் வாலில் இருப்பதிலேயே சின்னச் சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு என் வீட்டில் எனக்குத் தெரியாமல் நடந்த ஒரு பெரிய காரியத்தை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டாள். வேலை போகிறதே என்று நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. அவளைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது, நெஞ்சும் வலித்தது.

எதற்காக இறங்கினாய் என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"அது மாமி தேத்தண்ணி குடிக்கிற நேரம் மேடம். அவங்களால கோப்பையைப் பிடிக்க முடியாது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தேத்தண்ணியை மட்டும் தேத்தண்ணி என்றே சொல்லிவிட்டு, அப்புறம் 'டீ' என்று திருத்தினாள்.

அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு கோபம் வந்தால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன், பஸ் வரைக்கும் போவதில்லை என்றாள்.

  பிறகு அவர் 'ஓப்பன் அப்' பண்ணியதற்கு நன்றி என்றார். மனம் திறந்து பேசியதற்காம். அவ்வளவுதான், முடிந்தது.

பள்ளிக்கூடத்துப் படிகளில் இறங்கும்போது கேட்டேன். "ஏன் இத என்கிட்ட சொல்லவே இல்ல?"

"தமிழ்ல சொன்னா உங்க அம்மாவப் பத்திக் கோள் சொன்ன மாதிரி ஆயிரும்," என்றாள். "அவங்களும் போயிட்டாங்க. இங்கிலீஷ்ல சொல்லும்போது அவங்க ஒரு பேஷண்ட், நான் ஒரு நர்ஸ். யாரு மேலயும் தப்பில்ல."

எனக்கு இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவள் முன்னால் நடந்தாள், நான் குடையோடு பின்னால் போனேன்.

அடுத்த கிழமை மறுமொழி வந்தது. பள்ளிக்கூட ஜன்னலில் நின்று நான்தான் முதலில் படித்தேன். அவளை எடுத்துக்கொண்டார்கள். வேலை செய்தபடியே தாதிப் படிப்புக்கும் வழி செய்வார்களாம். 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்று முடித்திருந்தார்கள், உன் வரவை எதிர்பார்த்திருக்கிறோம் என்று. பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் பால்போத்தலுமாக நின்றவள், போத்தலை என்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். குழந்தையும் சேர்ந்து அழுதது.

அன்று சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாப்பா வெளியே இந்தச் செய்தியை லயம் லயமாக, வீடு வீடாக விற்றுக்கொண்டிருந்தாள். இனியும் உள்ளே வைத்திருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு பஸ்ஸுல ஏறினியே, பாப்பா கைக்குழந்தைதானே. அவளை எங்க விட்டுட்டுப் போன?"

கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கயும் விடல. இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் ஏறினேன். அவ சட்டையெல்லாம் ஒரு பையில எடுத்துக்கிட்டேன். உங்கள நம்பி விட்டுட்டுப் போக அன்னைக்கு எனக்கு மனசு வரல." களைந்த தண்ணீரை வடித்துவிட்டு அரிசியை உலையில் போட்டாள். "இப்ப உங்ககிட்டதானே விட்டுட்டுப் போறேன்."