வேலிக் கற்றாழையில் எழுதியது

என் முதல் டைரிக்கு அட்டை கிடையாது, தாள் கிடையாது. அது மாமாவின் தக்காளித் தோட்டத்துக்கு வேலியாக நின்ற கற்றாழை வரிசை. கருவேல முள்ளால் மடலில் கீறினால் அன்றைக்குச் சரியாகத் தெரியாது. இரண்டொரு நாளில் எழுத்து வெளுத்து, பிறகு பழுப்பேறி, அப்படியே தங்கிவிடும். மடல் வளர வளர எழுத்தும் பெரிதாகும். இந்த வசதி எந்தக் கடை டைரியிலும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மூன்றாம் வகுப்பு படிக்கையில், தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் அத்தை வீட்டில் என்னை விட்டிருந்தார்கள். அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டினார். வாரத்துக்கு ஒருமுறை வந்து, என் தலையைத் தடவிவிட்டுத் தூங்கிப்போவார். அம்மா டீச்சர் ட்ரெய்னிங் படிக்கக் காந்திகிராமத்துப் பக்கம் போயிருப்பதாகச் சொன்னார்கள். கொஞ்ச நேர பஸ்தான். ஆனால் ஹாஸ்டலில் யாரையும் பார்க்க விடமாட்டார்களாம். அப்பேர்ப்பட்ட கண்டிப்பான படிப்பு என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆள் இல்லை. மாடும் அடுப்பும் போக மிஞ்சிய நேரத்தில் அத்தைக்கு என்னைத் திட்டத்தான் முடிந்தது. வேலியோரம் போய் உட்கார்ந்து எழுதுவேன். ‘இன்று கொய்யா தின்றேன்.’ ‘அத்தை அடித்தாள். வலிக்கவில்லை.’ ‘மயில் வந்தது. போய்விட்டது.’ சாறு பட்டு விரலெல்லாம் அரிக்கும். ஆனாலும் எழுதி முடிக்கும்போது, நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்த அழுகை அடங்கிப்போயிருக்கும். ஒவ்வொரு மடலின் அடியிலும் கொஞ்சம் இடம் விட்டு வைத்தேன். அம்மா டீச்சராகி வந்து அதில் ‘சரி’ போட வேண்டும்.

மறு வருஷம், கற்றாழைக்குள் பாம்பு அடைகிறதென்று கம்பி வேலி போட மாமா முடிவு செய்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது ஆட்கள் பாதி வரிசையைச் சாய்த்திருந்தார்கள். நான் அதிகம் எழுதியிருந்த செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஓவென்று அழுதேன்.

“கத்தாழைக்குப் போயி அழுவாளா ஒருத்தி?” என்று அத்தை கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா இன்னும் பாக்கல” என்றேன்.

அத்தை கையை விட்டுவிட்டாள். வெட்ட வந்தவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. மாமா குனிந்து, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு மடலாகப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

“இது ஒண்ணு நிக்கட்டும்ப்பா.”

“வேலிக்கு நடுவுல ஒத்தக் கத்தாழையா? பாக்குறவுக சிரிக்க மாட்டாக?” என்றாள் அத்தை.

“சிரிச்சுட்டுப் போறாக. அவ ஆத்தா படிச்சு முடிச்சு வாரவரைக்கும் நிக்கட்டும்.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அவள் தோற்றுப்போனாள் என்று எனக்கு ஒரே குஷி. அதையும் அன்று சாயங்காலமே ஒரு மடலில் எழுதினேன்.

கம்பி வேலி அந்த இடத்தில் மட்டும் வளைந்து போனது. நான் ஹைஸ்கூல் போன பிறகும் செடி நின்றது.

பின்னாளில் நானும் டீச்சர் ட்ரெய்னிங் படித்தேன். எங்கள் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மாமா வருவார், அத்தை சுட்ட முறுக்கோடு.

அம்மா எந்தப் படிப்புக்கும் போகவில்லை. அப்பாவோடு வாழ முடியாமல், திரும்பி வருவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். அன்றைக்கு அந்த வேலியோரம் நின்ற அத்தனை பேரிலும் அது தெரியாதவள் நான் ஒருத்திதான்.