கதை சொன்னால்தான் கத்தரி

எங்கள் தெருவில் முடிவெட்டிக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, சலூன்காரருடைய மகனைப் பற்றி ஒரு கதை சொல்லவேண்டும். சொன்னால்தான் கத்தரி தலையைத் தொடும். கதை பாதியில் நின்றால் கத்தரியும் பாதியில் நிற்கும். அப்படிப் பாதித் தலையோடு வேலைக்குப் போன வங்கி அதிகாரி ஒருவர் இன்றைக்கும் சலூனைத் தாண்டும்போது தலையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.

சலூனை ஒட்டிய இஸ்திரிக் கடை என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அங்கே தும்மினால் இங்கே கேட்கும். ஒட்டுக்கேட்கிறாள் என்று யாரும் என்னைச் சொல்லக்கூடாது. காதைக் கழற்றிவைத்துவிட்டா துணி தேய்ப்பேன்?

சலூன்காரரைத் தெருவே அண்ணன் என்றுதான் கூப்பிடும், அவர் மனைவியை அண்ணி என்று. அண்ணனுடைய மகன் ஐந்து வயதில், பேருந்து நிலையக் கூட்டத்தில், அண்ணியின் கையிலிருந்து நழுவிப் போனவன். இப்போது கல்யாண வயது ஆகியிருக்கும். அவர்கள் தேடாத இடம் இல்லை, ஏறாத படி இல்லை. கொஞ்ச காலம் போனதும் தெருவே அவன் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டது. பாவம், மனசு நோகுமே என்ற நல்லெண்ணம்தான். அண்ணனைக் கண்டால் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"எம்புள்ளையைப் பத்திப் பேசினா வாயில முள்ளா குத்துது? இனிமே அவனைப் பத்திப் பேசுறவனுக்குத்தான் இந்தக் கடையில முடிவெட்டு!"

முதலில் வந்தவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். உள்ளது எத்தனை நாளைக்கு வரும்? ஐந்து வயசுப் பிள்ளை என்ன, ஆண்டு அனுபவித்துவிட்டா போயிருக்கும்? அது தீர்ந்ததும் அவரவர் கைச்சரக்கு வெளியே வந்தது. பையன் தபால்காரர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டான். தலைமை ஆசிரியரைக் கழிவறையில் வைத்துத் தாழ் போட்டுவிட்டான். அவன் காணாமல் போன பிறகு குடிவந்தவர்கள்கூட நேரில் பார்த்த மாதிரி அளந்தார்கள். இதில் எலக்ட்ரீசியன் ஒருவன் இருக்கிறானே, அவன் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன். ஒருநாள் பையனை லாரியிலேயே ஏற்றிவிட்டான்.

"அஞ்சு வயசுப் புள்ள லாரி ஓட்டுச்சா? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமாடா?" என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

"ஓட்டலக்கா. ஸ்டார்ட் மட்டும்தான் பண்ணான்."

"காலு எட்டுச்சா?"

"ரெட்டைச் சுழிக்காரன்க்கா அவன். எட்டாததெல்லாம் எட்டும்."

அந்தச் சுழி மட்டும் மெய். பையனுக்கு உச்சந்தலையில் இரண்டு சுழி. இரண்டு சுழி இருந்தால் பிள்ளை வாலு என்று நாம் எல்லோரும் சொல்லத்தானே செய்கிறோம்? அந்த ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு தெரு ஒரு போக்கிரியை வளர்த்து ஆளாக்கிவிட்டது. அண்ணனும் சிரித்துக்கொண்டே வெட்டுவார். ஆனால் மகன் வயசில் எவன் வந்து உட்கார்ந்தாலும் முதலில் உச்சி முடியை விலக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தண்ணீர் தெளிப்பார்.

அண்ணி மத்தியான வேளையில் வந்து, துவைத்த துண்டுகளை அடுக்கிவிட்டு, அழுக்குத் துண்டுகளை வாளியில் அள்ளிக்கொண்டு போவார். யாரோடும் பேச்சு கிடையாது. கதைகளைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பெரிய புத்திசாலிகள்!

அன்றைக்கு எலக்ட்ரீசியன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்து, அண்ணன் மகன் தன்னைவிடப் பெரிய பையன்கள் மூன்று பேரை ஒண்டியாக அடித்துச் சந்தை வரைக்கும் துரத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கடையே சிரித்தது. வாளி தொப்பென்று தரையில் விழுந்தது.

"யாரு புள்ளையைப் பத்திடா பேசுறீங்க?" அண்ணியின் குரல்தான். அவ்வளவு பெரிய குரல் அவருக்கு இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். "எம்புள்ள கோழியைப் பார்த்தாலே எம்பின்னாடி ஒளிஞ்சுக்குவான். கத்தரிச் சத்தத்துக்குப் பயந்துக்கிட்டு, அவன் தூங்கும்போதுதான் இவரு முடிவெட்டுவாரு. கேளுங்க, இங்கதானே நிக்கிறாரு! பசிச்சாக்கூட வாய்விட்டுக் கேக்க மாட்டான். பக்கத்துல வந்து நிப்பான். அன்னிக்கும் அம்மான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேனா? போட்டிருக்க மாட்டான்டா. அப்படியே நின்னிருப்பான்."

"ரெட்டைச் சுழின்னு சொன்னாங்களே..." என்று எலக்ட்ரீசியன் நுரைக்குள்ளிருந்து முனகினான்.

"சுழி ரெண்டு இருந்தா சூரனாடா? அந்தச் சுழியைப் பார்க்கணும்னா அவன் உள்ள வந்து உக்காரணும். வர மாட்டான். நீங்க எல்லாரும் அந்தப் போக்கிரிப் பய வருவான்னு பார்த்துக்கிட்டிருக்கீங்க. எம்புள்ள வந்து வாசல்ல நின்னா எவனுக்குடா தெரியும்? யாரோன்னு விட்டுடுவீங்க. அவனும் அப்படியே திரும்பிப் போயிடுவான்."

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்தது வைத்தபடி நின்றுவிட்டேன். சட்டை போச்சு. அது யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அதே வங்கி அதிகாரியுடையது. அந்த மனிதருக்கும் எங்கள் தெருவுக்கும் ராசியே இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் யாரும் கதை சொல்லவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் தபால்காரர்தான் வாயைத் திறந்தார்.

"ஒருநாள் நாய் குரைச்சுது. பையன் என் தோள் பையைப் பிடிச்சுக்கிட்டான். ஒரு வார்த்தை பேசல. தெரு முனை வரைக்கும் பிடிச்சுக்கிட்டே வந்தான்."

அவ்வளவுதான் கதை. அண்ணன் "சரி" என்று கத்தரியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டாரோ என்னவோ, தடுப்பில் காதுக்குத்தான் வழி உண்டு. நானும் இந்தப் பக்கமிருந்தே என் பங்குக்கு ஒன்று சொன்னேன். தேய்த்து அடுக்கிய துணி சூடாக இருக்கும்போது, பையன் சத்தமில்லாமல் வந்து அதில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பான். நான் பார்த்துவிட்டால் ஓடிவிடுவான். அதனால் பார்க்காத மாதிரி இருப்பேன்.

எங்கள் தெருவுக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. கூச்சப்பட்டுக்கொண்டு எவனாவது சலூன் வாசலில் நின்றால் போதும், குண்டுக்கட்டாகத் தூக்காத குறைதான். மின்சார மீட்டர் பார்க்க வந்த பையன் ஒருவன் தயங்கி நின்றான். இழுத்து உட்காரவைத்து, உச்சியைச் சோதித்து, முடிவெட்டி, முகம் மழித்து, பவுடர் போட்டு அனுப்பினார்கள். முந்தின நாள்தான் வெட்டியிருந்தானாம். பாவி, அதையும் வாய் திறந்து சொல்லவில்லை!

போன மாதம் எதிர்ப்பக்கம் மருந்துக் கடை ஓரமாக ஒருவன் நின்றான். அதே வயசு. சலூனைப் பார்ப்பான், தரையைப் பார்ப்பான், மறுபடி சலூனைப் பார்ப்பான். எலக்ட்ரீசியன் கண்ணில்தான் முதலில் பட்டான்.

"டேய், நிக்கிறான்டா!"

கழுத்துத் துணியோடு ஒருவர், பாதி நுரையோடு ஒருவர் என்று மொத்தக் கடையும் வாசலுக்கு வந்து, "வாப்பா உள்ள! ஏன் அங்கேயே நிக்கிற?" என்று கூப்பாடு போட்டது. அவன் மிரண்டு பின்வாங்கினான்.

"கத்தாதீங்கடா, ஓடிடுவான்!" என்றார் அண்ணி.

வாளியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து போனார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, அவன் பக்கத்திலேயே, அவன் பார்க்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் கத்தரியோடு படியில் நின்றார். வெகுநேரம் கழித்து அவன் ஏதோ முணுமுணுத்தான். அண்ணி கையைக் காட்டினார். அப்போதும் அவன் நகரவில்லை. அண்ணியே கூட நடந்துபோய், தெரு முனையில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

"யாரு அண்ணி?" என்றேன்.

"அச்சகத்துல புதுசா வேலைக்குச் சேர வந்திருக்கான். வழி கேக்கக் கூச்சம்."

எலக்ட்ரீசியன் முகம் தொங்கிப் போனது. அண்ணன் உள்ளே திரும்பினார். மற்றவர்களும் நகரப் பார்த்தார்கள். அண்ணி விடவில்லை.

"இவன் இல்ல," என்றார். "ஆனா எம்புள்ள வந்தா இப்படித்தான் நிப்பான். நல்லாப் பார்த்து வெச்சுக்குங்க."