சேவியர் போனதற்கு யார் காரணம்?

டெய்லர் கடையில் பொய் சொல்வது கஷ்டம். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பவனுக்குப் பொய் சரளமாக வராது. இந்தத் தொழிலில் கழுத்து வலி கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் காக்ஸ் டவுனில் கடை. பக்கத்து மைதானத்தில் எங்கள் வட்டாரத்து பாஸ்கெட்பால் டீம் ஆடும். அவர்கள் பனியனுக்கெல்லாம் நான்தான் நம்பர் தைப்பேன். பதினொன்று, சேவியருடையது. அவன் எம்பினால் சர்ச் கோபுரத்துப் புறாக்கள் நகர்ந்து இடம் கொடுக்கும். நம்பாதவர்கள் புறாக்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு அங்குலம்

ஒரு நாள் சேவியர் இன்டர்வியூவுக்குப் பேன்ட் தைக்க வந்தான். இடுப்பை அளந்தால் போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. முதலில் டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் விஷயம் வந்தது. அப்பாவுக்கு மில்லில் வேலை போய் எட்டு மாசம். வீட்டில் ஆறு பேர். ஒரு ஃபேக்டரி டீமில் கூப்பிடுகிறார்கள். ஆறு மாசம் டெம்பரவரி, ஆட்டம் பிடித்திருந்தால் வேலை பர்மனென்ட்.

"நம்ம டீமை விட்டுட்டா போறே? ஜெயிச்சப்போல்லாம் மாலை போட்டுத் தெருத்தெருவா தூக்கிட்டுப் போனோமேடா" என்றேன்.

கையை இறக்காமலே சொன்னான்: "வீட்ல எட்டு மாலை காயுது மாஸ்டர். ஆடு வளர்த்திருந்தா அதாவது தின்னிருக்கும்."

மூன்று ஜீப்

போய்விட்டான். மறுநாளிலிருந்து என் கடைக்குத் துணி கொண்டுவந்தவர்களைவிடப் பழி கொண்டுவந்தவர்கள் அதிகம். டீம் செக்ரெட்டரியின் கஞ்சத்தனம்தான் காரணம் என்றார் வாத்தியார் பால்ராஜ். அதெல்லாம் இல்லை, லிங்கராஜபுரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் அப்பன்தான் ஃபேக்டரி மாப்பிள்ளை கேட்கிறான் என்றார் பஸ் கண்டக்டர் முனுசாமி. நான் சும்மா இருந்திருக்கலாம். ஜீப்பில் நாலு பேர் வந்து அவனைத் தூக்கிப்போனதாக ஒரு சரக்கை அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் அது மூன்று ஜீப்பாகி என்னிடமே திரும்பி வந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். தெரிந்தும் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்களே! நான் செய்ததெல்லாம் பேன்ட்டின் இடுப்பைக் குறைத்துத் தைத்தது. "வீட்டுக் கஷ்டமோ என்னவோ" என்று மெல்ல இழுத்துப் பார்த்தேன். முனுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "கஷ்டம்னா வாயைத் தொறந்து சொல்லணும் மாஸ்டர். நாங்க இன்னா, கை தட்டறதுக்கு மட்டுமா இருக்கோம்?"

நம்பர் பதினொன்று

அடுத்த வாரம் செக்ரெட்டரி, சேவியர் கழற்றிக் கொடுத்த பனியனோடு புது ஆட்டக்காரன் ஒருவனைக் கூட்டிவந்தார். மாட்டிப் பார்த்தோம். பனியன் நின்றது, உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளம் இல்லை. அவனும் அழுகிற மாதிரி நின்றான்.

"வேற நம்பர் கொடுக்கலாமே சார்" என்றேன்.

"கூட்டமே அந்த நம்பருக்குத்தான் வருது. ஆளை நீட்ட முடியாது மாஸ்டர், பனியனை ஸொல்ப சுருக்கு" என்றார், 'கொஞ்சம்' என்பதை மட்டும் கன்னடத்தில்.

கடைசி ஒரு பாயிண்ட்

ஐந்தாவது மாசம் அந்த ஃபேக்டரி டீம் எங்கள் மைதானத்துக்கே ஆட வந்தது. கடைசி நிமிஷம், இரண்டு பக்கமும் சம பாயிண்ட். எங்கள் ஆள் ஒருவன் சேவியரை இடித்துவிட்டான். சேவியருக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, தடுக்க ஆளில்லாத வீச்சு. ஃபேக்டரி ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். இவன் பிழைப்பு அந்தப் பென்சில் முனையில்.

"நம்ம கிரவுண்டுடா சேவியர்! நன்றி இருந்தா விட்டுடுடா!" என்று கத்தினார் முனுசாமி. மைதானமே சேர்ந்து கத்தியது. எல்லாம் தெரிந்த நானும், பந்து தவறட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

விசில் ஊதியதும் சேவியர் எங்கள் பக்கம் வந்தான். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. "விட்டிருந்தா வேலை போயிருக்கும்ண்ணா" என்றான், முனுசாமியைப் பார்த்து. அவர் கண்ணெல்லாம் தண்ணீர். துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போட்டே, சரி. வளையத்துல ஒரு சுத்து சுத்தவிட்டாவது போட்டிருக்கக்கூடாதாடா?"

சேவியருக்கு வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. அவன் போனதற்கு யார் காரணம் என்ற விசாரணை மட்டும் என் கடையில் பல வருஷம் நடந்தது, எங்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறாமலே.