தெய்வநாயகத்துக்கு ஓர் இலை

கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அப்பாசாமிக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "தம்பின் பஸ்ஸிலே ஏறுது, நான் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிறேன்" என்பார். பொய்யில்லை. மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ஓடும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். காக்கிச் சட்டையைக் கழற்றிப் போட்டால் 'நிழலரசன்'. கோலாலம்பூரில் அச்சாகும் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் மர்மத் தொடர்கதை எழுதுகிற ஆள்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குக் காது அப்படி. செமாபோக் ஊர் மீன்காரி பஸ்ஸில் மருமகளைத் திட்டிக்கொண்டு வந்தால், அடுத்த வாரக் கதையில் ஒரு மருமகள் கிணற்றில் மிதப்பாள். புக்கிட் பாருவில் ஏறும் ஆள் ஒருவர் எலி மருந்தைப் பற்றிப் பெருமையடித்தார். பாவம், அவர் ஜாடையிலேயே ஒரு கொலைகாரன் பிறந்துவிட்டான். இது திருட்டு இல்லையா என்று கேட்டால் அப்பாசாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "பஸ்ஸிலே சத்தமா பேசினா அது எல்லாருக்கும் சொந்தம்" என்று சண்டைக்கு வருவார். ஆனால் எதை யாரிடம் பொறுக்கினோம் என்பது அவருக்கு எப்போதும் அத்துப்படி. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மலாக்காவில் காஜா பேராங் பக்கம் ஒரு தையல்காரர் வீட்டுப் பின்னறையில் தனிக்கட்டையாகக் குடியிருந்தார். எதிர்வீடு பூங்காவனத்தினுடையது. மலாக்காச் செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பேர் நம் பேர், வாயைத் திறந்தால் மட்டும் மலாய். தமிழில் நாலு சொல் தெரிந்தால் அதிகம். அப்பாசாமியும் அவளும் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான். நமக்காக அதைத் தமிழில் சொல்கிறேன்.

அவள் புருஷன் தெய்வநாயகத்தை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனான். மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனவன் மனுஷனையா விட்டுவைப்பான்! சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், இப்போது அவனும் மூட்டை கட்டப்போகிறான் என்று ஊரெல்லாம் மெர்டேக்கா, அதாவது சுதந்திரப் பேச்சு. தெய்வநாயகம் மட்டும் வரவில்லை. செத்தார் என்று சேதியும் இல்லை. பூங்காவனம் தாலியைக் கழற்றவில்லை. மாதத்தில் ஒருநாள் தம்பின் ஸ்டேஷனுக்குப் போய், வடக்கேயிருந்து வரும் ரயிலில் இறங்குகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். வழியெல்லாம் கண்டக்டரிடம் அவரைப் பற்றித்தான் பேச்சு. இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து போட்டுக்கொண்டு போனார். லாரியில் ஏற்றியபோது குடையை இவள் பக்கம் வீசி, 'நீ வெச்சுக்கோ, மழை வரும்' என்றார்.

அப்பாசாமி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டார். வெட்கமே இல்லாமல்!

அந்த வருஷக் கடைசியில் புதுத் தொடர் ஆரம்பமாயிற்று. வெள்ளைச் சப்பாத்து போட்டு, காலை இழுத்து நடக்கும் ஒருவன், மனைவி பக்கம் குடையை வீசிவிட்டுச் சயாமுக்குப் போகிறான். அவன் காட்டில் கிடந்து சாகிறான். வேறொருவன் அவன் பேரைச் சூட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். கதை சூடு பிடித்தது. ஒரு வாரம் பக்கம் குறைகிறது என்று பத்திரிகையிலிருந்து ஆள் சொல்லி அனுப்ப, சாகிறவனின் கடைசி நேரத்தை அப்பாசாமி கொஞ்சம் நீட்டினார். காய்ச்சலில் கிடப்பவன் ஏதாவது கேட்க வேண்டுமே? பானையில் அடிப்பிடித்த காந்தல் சோற்றைச் சுரண்டி, மேலே கொஞ்சம் வெல்லம் தூவித் தரச்சொல்லிக் கேட்டான் என்று எழுதினார்.

தையல்காரர் மனைவி ருக்மணிக்குத் தன் வீட்டில் ஓர் எழுத்தாளர் குடியிருப்பதில் தலைகால் புரியாத பெருமை. தொடரை வாராவாரம் பூங்காவனத்துக்கு மலாயில் சொல்லிவந்தாள். இது அப்பாசாமிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேனாவை ஒடித்துப் போட்டிருப்பார்.

போகிக்கு முந்தின நாள் ருக்மணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணே, என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க! பூங்காவனம் நாளைக்கு அவரு பேருல இலை போடப்போவுது!"

செட்டி வீடுகளில் போகியன்று பார்ச்சு. குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்கு வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். வரவேண்டியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று. ஒருவர் பேருக்கு இலை விழுந்துவிட்டால் அவர் அந்தப் பக்கத்து ஆள், அவ்வளவுதான். தெய்வநாயகத்துக்கும் போடு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோதெல்லாம் துடைப்பத்தைத் தூக்கியவள் பூங்காவனம்.

"இப்ப மட்டும் எப்படி?" என்றார் அப்பாசாமி.

"அந்தக் காந்தல் சோறுண்ணே! அம்மாக்காரி திட்டுமுன்னு அவரு அடுப்படியில ஒளிஞ்சு ஒளிஞ்சு வெல்லம் போட்டுத் தின்பாராம். அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியுமாம். யாருகிட்டயும் மூச்சு விட்டதில்லையாம். செத்தவங்கதான் இப்படி யாரு மூலமாவது சாப்பாடு கேப்பாங்களாம். உங்ககிட்ட வந்து கேட்டுட்டாருன்னு அழுவுது."

அப்பாசாமி மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கால் இழுப்பு பூங்காவனம் சொன்னது. சப்பாத்து அவள் சொன்னது. குடையும் அவளுடையதுதான். காந்தல் சோறு? அது எங்கிருந்து வந்தது? எந்த ஸீட்டில் யார் உட்கார்ந்து சொன்னது? மனசை எப்படிக் கிளறினாலும் ஒரு முகம் வரவில்லை. அவருக்குக் காந்தல் பிடிக்கவே பிடிக்காது. எழுதிய மேசையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பக்கத்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.

சயாம் என்றால் அவர் கிட்டேயே போகமாட்டார், இந்தத் தொடர் வரைக்கும். அவருடைய அண்ணன் நல்லையாவும் அங்கே போனவர்தான். ரப்பர் தோட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டு வந்தபோது, தம்பியை லயத்து வீட்டுக்குள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு லாரியில் ஏறியவர். திரும்பவில்லை. அப்பாசாமி அந்தப் பேச்சை யாரிடமும் எடுத்ததில்லை, ஒரு வரி எழுதியதுமில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பூங்காவனம் வீட்டுக்கு ஓடினார். இந்த இலை விழுந்தால் ஒரு மனுஷனைத் தான் கொன்றதாகிவிடும் என்ற நினைப்பு அவரைப் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. கூடத்தில் இலைகளை வரிசையாக விரித்திருந்தார்கள். மீன் குழம்பும் தேங்காய்ப்பால் சோறும் மணத்தன. அவற்றுக்கு நடுவே அடிப்பிடித்த சோற்றின் வாடை. பூங்காவனத்தின் கழுத்து வெறுங்கழுத்தாக இருந்தது. தாலி சாமிப் படத்தின் முன்னால் கிடந்தது.

அப்பாசாமி அழுதேவிட்டார்.

"தங்கச்சி, அது பொய்! பக்கம் குறைஞ்சுதுன்னு நானா இட்டுக்கட்டி எழுதினது. அவரு உசுரோட இருக்கலாம். இலையை எடுத்துடு, உன்னைக் கும்பிடுறேன்."

"பொய்னா எங்கேருந்து எடுத்தீங்க, அபாங்?"

மலாயில் அண்ணனை அபாங் என்பார்கள். அவள் அவரை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல்லெல்லாம் காட்டுகிறவர் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியல" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "பார்ச்சு அன்னிக்கு எல்லா வீட்டு ஆளுங்களும் சாப்பிட வராங்க. அவரும் வந்திருப்பாரு. இலை இல்லாமத் திரும்பிப் போயிருப்பாரு. நான் பைத்தியக்காரி, ஸ்டேஷன்ல போய் நின்னுக்கிட்டு இத்தனை வருஷமா அவரைப் பட்டினி போட்டிருக்கேன்."

அப்பாசாமி சுவரோடு ஒட்டி நின்றார். அவள் பானையைச் சுரண்டிக் காந்தலை இலையில் வைத்தாள், வெல்லத்தைத் தூவினாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"அபாங், உங்ககிட்ட அவரு தனியாவா வந்தாரு? அங்கே கூட்டங்கூட்டமா செத்தாங்கன்னு சொன்னாங்களே. கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வந்தா சோறு பத்துமா?"

அப்பாசாமி சுவரை விட்டு இலைகளின் பக்கம் வந்தார்.

"இன்னொரு இலை போடுவியா, தங்கச்சி?"

"யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. நல்லையா."

பூங்காவனம் ஓர் இலையைத் துடைத்துத் தெய்வநாயகத்தின் இலைக்குப் பக்கத்தில் விரித்தாள். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "அவருக்கு என்ன பிடிக்கும்?"

அப்பாசாமி வாயைத் திறந்தார். கண்டவனுக்கெல்லாம் நொடியில் கற்பனை செய்து கொடுத்தவருக்குச் சொந்த அண்ணனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. காதில் விழுந்தது ஒரு சத்தம்தான். தம்பி வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகு, லயத்து அடுப்படியில் நல்லையா பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம். பிடிக்கிறதா என்று அப்பாசாமி ஒருநாளும் அண்ணனைக் கேட்டதில்லை.

"அதையே போடு, தங்கச்சி" என்றார். "எனக்குச் சோத்தைப் போட்டுட்டு அவரு தின்னது அதுதான்."