பிடிக்காவிட்டால் கோயில் பார்த்தது

என்னைப் பெண் பார்க்க அதுவரை இரண்டு வீட்டார் வந்திருந்தார்கள். கேசரி சாப்பிட்டு, காப்பி குடித்து, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். கார் வந்ததையும் திரும்பிப் போனதையும் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அம்மாவுக்கு மானம் போனது. மூன்றாவது வரனை வீட்டுப் படி ஏற்றுவதில்லை, மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் தாம்பரம், நாங்கள் மரக்காணம், அது நடுவழி.

"பிடிச்சா பொண்ணு பார்த்தது. பிடிக்கலன்னா கோயில் பார்த்தது. எவன் கேக்கப் போறான்?" என்றாள்.

இந்த வரன் அமைய வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? போனில் மாப்பிள்ளையோடு பேசியிருந்தேன். என் சம்பளத்தைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. ஓயாமல் பேசுகிற என்னைப் பேசவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தக் கோயிலைப் பார்க்கும் ஆசையும் சேர்ந்துகொண்டது. எங்கிருந்தெல்லாமோ விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே பிறந்த நான் காலண்டரில் பார்த்ததோடு சரி. சென்னை பஸ் எல்லாம் பைபாஸிலேயே பறந்துவிடும்.

அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புடவைக் கொசுவத்தை நீவினேன், போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கிழக்கே ஒரு துண்டு மேகம் இருந்தது. உப்பளம் வைத்திருப்பவருக்கு மேகத்தைப் பார்த்தால் மகளின் கல்யாணம்கூட அப்புறம்தான்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தங்கை மூன்று பேரும் நின்றிருந்தார்கள். டிக்கெட் எடுக்கத் தங்கை போனை க்யூஆர் பலகைக்கு நேராகக் காட்டிக்கொண்டே இருந்தாள், நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருந்தது. குடை பிடித்திருந்த அவருடைய அம்மா எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை, "இந்த வெயில்ல இங்கதான் வரச் சொல்லணுமா?"

ஆரம்பமே சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

உள்ளே போனதும் ஆளுக்கு ஒரு குறை. எங்கம்மா மல்லிகைச் சரத்தோடு கருவறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "விளக்கு இல்ல, குருக்கள் இல்ல, துன்னூறுகூட இல்ல. இது இன்னா கோயிலு?" என்று முணுமுணுத்து, கொடுக்க இடமில்லாத சரத்தையும் என் தலையிலேயே வைத்தாள். ஏற்கெனவே இருந்த பூவோடு சேர்ந்து தலை கனத்தது. தங்கைக்குக் கடல் காற்றில் முடி கலைந்து செல்ஃபி சரியாக வரவில்லை. அவர் இடுப்பில் கை வைத்து நின்று, "இவ்ளோதானா? போட்டோல பெருசா தெரிஞ்சுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. அடுக்கடுக்காக மேலே போகிற கோபுரத்தையும், காற்றும் உப்பும் தின்று முகமே இல்லாமல் மதில்மேல் உட்கார்ந்திருந்த நந்திகளையும் விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அம்மா விலாவில் இடித்தாள். "அண்ணாந்து பார்க்காதடி, கழுத்து நெட்டையா தெரியும்." கிடைத்ததெல்லாம் ஓரக்கண் தரிசனம்தான்.

அந்த நேரத்தில்தான் அப்பா அதைச் செய்தார்.

எங்கள் பக்கத்தில் சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. உப்புக் காற்று பட்டுச் சுவர் வெள்ளையாகப் பூத்து உதிரும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள்கூடச் சுவரை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். உப்புப் பாத்தியில் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று பார்ப்பதற்கும் அப்பாவுக்கு அதே விரல், அதே நாக்கு. இங்கேயும் அரித்துப்போன ஒரு சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று, சுவரைத் தடவி, விரலை நாக்கில் வைத்தார். "அட, நல்லா பூத்திருக்குதே" என்று சொந்த வீட்டுக்கே ஆபத்து வந்துவிட்டதுபோலக் கவலைப்பட்டார்.

விசில் சத்தம் கேட்டது. "யோவ் பெரியவரே! இன்னா பண்ற அங்க? கல்லத் தொடாத!" என்று காவலாளி கத்தினான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லீங்க சார், உப்பு இருக்குதான்னு..." என்று சொல்லிக்கொண்டே அப்பா விரலை வேட்டியில் துடைத்தார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தம்மா குடையை இந்தப் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'விடுங்க சார், தெரியாம தொட்டுட்டாரு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "எங்கப்பாவ யோவ்னு கூப்பிடாதீங்க. கோயிலத் தூக்கினு போயிட்டாரா இப்போ?" என்று கத்திவிட்டேன். தலையில் இருந்த பூ ஆடியது. அடக்கமான பெண் என்று தரகர் சொல்லிவைத்திருந்ததெல்லாம் கடலோடு போயிற்று.

வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார் அந்தம்மா. எனக்கு மனப்பாடமான வசனம்.

இருந்தாலும் நப்பாசை விடுகிறதா? வேலைக்குப் போகிற இடத்திலும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பிய செய்தியை அவர் படித்துவிட்டதாகக் காட்டியது. பதில் இல்லை. கடைசியில் தரகர்தான் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். "கல்ல நக்குற குடும்பத்துல பொண்ணு எடுக்க மாட்டோம்னு அந்தம்மா சொல்லிட்டாங்க." விரலால் தொட்டது தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் நக்கியதாகிவிட்டது.

அன்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "என்னாலதானாம்மா போச்சு?"

"என் வாயாலதான்பா போச்சு. நீ சாப்பிடு."

அவர் நம்பவில்லை. எனக்கும் ஆறவில்லை. போனில் சிரித்துக் கேட்ட அந்த மாப்பிள்ளையை நினைத்து அழுகை வந்தது, அழுததை நினைத்துக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "கெளம்புப்பா, அந்தக் கோயில ஒழுங்கா பார்த்துட்டு வருவோம்" என்றேன். வர மாட்டேன் என்றவரை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன்.

இந்தத் தடவை கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தேன். விலாவில் இடிக்க ஆள் இல்லை. சுற்றிவிட்டுத் திரும்பினால், அப்பா அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். டிக்கெட்டைக் கொடுத்து உள்ளே வந்ததிலிருந்தே அப்படித்தான் நடந்திருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை.

பக்கத்தில் காவலாளி இல்லை. அப்பாவின் வலது கையை அவிழ்த்து எடுத்துச் சுவரில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை எடுத்து, நாக்குப் பக்கம் கொண்டுபோகாமல் வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"போலாம்மா. யாராச்சும் பார்த்துடப் போறாங்க."